ஈர முகத்தில் மூன்று சொட்டு எண்ணெய்

மழைத்துளி:
52 வயதில் மாதவிடாய் நின்றது. அடுத்த இரண்டு வருடத்தில் முகத்தோல் காய்ந்துபோனது. கழுவித் துடைத்த உடனே கன்னம் இழுத்துப் பிடிக்கும்; சிரித்தால் கண்ணோரம் செதில் செதிலாகத் தெரியும். இந்த வயதில் தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறையும் என்று தெரிந்ததும், சரி, குறைந்ததை வெளியிலிருந்து கொடுப்போம் என்று ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். மேலே பளபளப்பு, உள்ளே அதே இழுப்பு. ஒரு மாதத்தில் மூக்கோரம் சிவந்துவிட்டது.

அப்புறம்தான் புரிந்தது. எண்ணெயில் தண்ணீர் கிடையாது. இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மூடுவதுதான் அதன் வேலை. நானோ காய்ந்த முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். போதாததற்கு, ஆலிவில் அதிகமுள்ள ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தோலின் மேலடுக்கைத் தளர்த்தக்கூடியது. அப்படித் தளர்த்தாத லினோலியிக் என்ற வேறொரு கொழுப்பு அமிலம் அதிகமுள்ள சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினேன். (அதிலும் ஒலியிக் அமிலம் கூடுதலான 'ஹை ஒலியிக்' வகை உண்டு, அது வேண்டாம்; பார்த்து எடுங்கள்.) இப்போது துண்டால் லேசாக ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே மூன்று சொட்டை உள்ளங்கைகளில் தேய்த்து முகத்தில் அழுத்தி வைக்கிறேன். தேய்ப்பதில்லை. வறட்சியால் வந்த மெல்லிய கோடுகள் அடங்கிவிட்டன. நெற்றியில் ஆழமாக விழுந்த மடிப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. எண்ணெய் அவற்றை எடுத்துவிடும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கூழாங்கல்:
அக்கா, ஈர முகம் விஷயம் எனக்கும் அப்படியே. ஆனால் நான் பட்டது வாசனை எண்ணெயால். கரும்புள்ளி போகும் என்று யாரோ சொல்ல, எலுமிச்சைத் தோல் எண்ணெயைக் கலக்காமல் பூசிக்கொண்டு வெயிலில் போனேன். மறுநாள் கன்னம் வெந்ததுபோல் எரிந்தது. விழுந்த கருந்திட்டு மறைய எட்டு மாதம் ஆனது. பிழிந்தெடுத்த அந்த எண்ணெயில் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் பொருள் இருக்கிறதாம். இப்போதெல்லாம் எந்தப் புது எண்ணெயையும் ஒரு வாரம் முழங்கையின் உட்புறத்தில் பூசிப் பார்க்காமல் முகத்துக்குக் கொண்டுபோவதில்லை. பகலில் சன்ஸ்கிரீன் தனியாக உண்டு; எண்ணெய் அதற்கு ஈடாகாது.

பழையசைக்கிள்:
எனக்கு 63. சவரம் செய்தபின் ரோஸ்ஹிப் எண்ணெய் (காட்டு ரோஜாக் காயின் விதை எண்ணெய்) இரண்டு சொட்டு போடுவேன். முதல் புட்டியை ஜன்னலோரம் வைத்திருந்தேன். மூன்றாம் மாதம் சிக்கு வாடை அடித்தது. வீணாக்க மனமில்லாமல் தடவினேன். தாடை முழுக்கப் பொடிப்பொடியாகத் தடிப்பு. வெளிச்சமும் காற்றும் பட்டால் சீக்கிரம் கெடுகிற எண்ணெய் அது. இப்போது அடர்நிறக் கண்ணாடியில் சின்னப் புட்டியாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். வாடை மாறினால் கொட்டிவிடுகிறேன்.