லேசர் பிரின்டரில் லேபிள் விட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

செங்கோட்டைக்காரன்:
இரண்டு வருடம் ஆகிறது, அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. ஓணத்துக்கு நேந்திரங்காய் சிப்ஸ் ஆர்டர், விடிந்தால் புனலூருக்கு வண்டி. 24 லேபிள் உள்ள ஷீட்டில் ஆறு ஏற்கெனவே உரித்தாயிற்று, மீதி 18 ஏன் வீணாகணும் என்று திரும்ப ட்ரேயில் வைத்தேன். பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. பின்மூடியைத் திறந்தால் பசை கருகுகிற வாடை, ஒரு லேபிள் மட்டும் கழன்று, டோனர் தூளைச் சூட்டில் பேப்பரில் பதிக்கிற ஃபியூசரைச் சுற்றி, விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் எங்கள் கடைப் பெயர் அவ்வளவு அழகாக அச்சாகி இருந்தது. இரும்பு ஸ்கேலால் சுரண்டினேன், ஃபியூசர் மேலிருக்கிற ஃபிலிம் கிழிந்தது. 18 லேபிளை மிச்சம் பிடிக்கப் போய் ஃபியூசரையே மாற்றினேன்.

போடி ஏலக்காய்:
எனக்கு உரித்த ஷீட் இல்லை, புது ஷீட்டே. பளபளப்பாக இருக்கிறதே, ஏலக்காய் டப்பாவுக்கு எடுப்பாக இருக்கும் என்று வாங்கினேன். "எல்லா பிரின்டருக்கும் ஆகும்" என்றார் கடைக்காரர். இரண்டாவது ஷீட் நெளிநெளியாக வந்தது, தொட்டால் விரலில் பிசுபிசுப்பு. அப்புறம்தான் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன், பொடி எழுத்தில் இங்க்ஜெட் என்று போட்டிருக்கிறது.

களியக்காவிளை ஜெராக்ஸ்:
அண்ணாச்சி, லேபிள் பாதி தப்பு, நீங்கள் சுரண்டியது மீதி தப்பு. ஆறவிட்டு, துணி வைத்து மெதுவாக எடுத்திருக்கலாம். எனக்கும் ஒருமுறை ஆச்சு, அதை விடுங்கள். ஃபியூசர் சூடு கிட்டத்தட்ட 200 டிகிரி. இங்க்ஜெட் லேபிளின் மேல்பூச்சும் பசையும் அதைத் தாங்காது, லேசர் என்று போட்டதைத்தான் வாங்கணும். ஒரு ஷீட்டை ஒரு தடவைதான் விடணும். செட்டிங்கில் பேப்பர் வகையை லேபிள் என்று மாற்றாமல் விட்டால் டோனர் சரியாகப் பிடிக்காது, நகத்தால் கீறினால் உதிரும். ட்ரேயில் வைக்காமல் மேனுவல் ஸ்லாட்டில் ஒவ்வொன்றாக விடுங்கள், பின்மூடி திறக்கிற மாடல் என்றால் திறந்துவைத்தால் ஷீட் வளையாமல் நேராக வரும். இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, கட்டைப் பிரித்துப் போட்டால் 75 ஜிஎஸ்எம் கனமுள்ள சாதா பேப்பர்கூட நமுத்துச் சுருண்டு ஜாம் ஆகும். மிச்சப் பேப்பரை அதே உறையில் மடித்து வையுங்கள், சாதாரண பில்லுக்கு 100 ஜிஎஸ்எம் எதற்கு

செங்கோட்டைக்காரன்:
பில் பற்றி யார் அண்ணே கேட்டது? ஆறவிடச் சொல்கிறீர்கள், வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

போடி ஏலக்காய்:
அட்டையில் லேசர், இங்க்ஜெட் இரண்டும் போட்டு விற்கிறார்களே, அது ஓடுமா?

களியக்காவிளை ஜெராக்ஸ்:
ஓடும். இரண்டுக்கும் என்று போட்டவை பெரும்பாலும் பளபளப்பில்லாத சாதா வெள்ளைதான். உங்களுக்குப் பளபளப்பு வேணும் என்றால் லேசருக்கென்றே தனியாக வருவதைக் கேளுங்கள்.

ஊத்துக்கோட்டை:
நான் வேறு ரகம். சத்தியவேடு பார்சலுக்கு அவசரம், லேசர் பிரின்டரில் கூரியர்க்காரர் தந்த, சூடு பட்டால் கறுக்கிற தெர்மல் லேபிளை விட்டேன். முகவரி, பின்கோடு, பார்கோடு எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்பு. டோனர் கொட்டிவிட்டது என்று நினைத்து காட்ரிட்ஜை எடுத்து நான்கு தடவை குலுக்கிவிட்டு, இன்னொரு லேபிளையும் விட்டேன்.