ஊசித் தடிப்பைக் கண்டுபிடித்தவர் சக நோயாளி, அளவை ஏற்றியவர் மருத்துவர்: இனி யார் சொல்வதைக் கேட்பது?

வினா – நீலவானம்

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் வகை நீரிழிவோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். மாத்திரைகள் மட்டும் போதாமல் போனதால், கடந்த பதினான்கு மாதங்களாக இரவில் ஒரு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் 14 யூனிட்டில் அடங்கியிருந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஆறேழு மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் 110, மறுநாள் 210 என்று காரணமே புலப்படாமல் ஏறி இறங்கத் தொடங்கியது. மருத்துவர் என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு அளவை 18 ஆக்கினார். அடுத்த முறை 24 ஆக்கினார். ஊசி போடும் இடத்தை அவர் ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சக நோயாளிகள் சிலரிடம் இதைப் பற்றிப் புலம்பியபோது, முப்பது ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்போதும் ஒரே இடத்தில்தான் குத்துகிறீர்களா? கண்ணால் பார்த்தால் தெரியாது, விரல்களால் அழுத்தித் தடவிப் பாருங்கள்." தடவிப் பார்த்தேன். தொப்புளுக்கு இடப்புறம் மூன்று விரற்கடை தள்ளி, தோலுக்கடியில் ரப்பர் போன்ற ஒரு தடிப்பு இருந்தது. அங்கே குத்தினால் வலிப்பதில்லை என்பதால் நாள்தோறும் கை தானாகவே அங்கே போயிருக்கிறது.

அன்றிரவே வலப்புறத்திற்கு மாறி, அதே 24 யூனிட்டைப் போட்டுக்கொண்டேன். பின்னிரவு மூன்று மணிக்கு உடல் முழுவதும் வியர்த்து, கை நடுங்க விழித்தேன். மீட்டர் 52 காட்டியது. குளுக்கோஸ் மாத்திரையின் உறையைப் பிரிக்கக்கூட விரல்களுக்கு வலுவில்லை. பல்லால் கடித்துத்தான் பிரித்தேன்.

மருத்துவர் கவனிக்காததைச் சக நோயாளி கவனித்தார். ஆனால் இடத்தை மாற்றினால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதை அவரும் சொல்லவில்லை. இப்போது இருவர் மீதும் எனக்கு நன்றியும் இருக்கிறது, மனக்குறையும் இருக்கிறது. எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மறுமொழி 1 – நெடுவழி

எனக்குப் பதினோரு வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. இப்போது முப்பத்தெட்டு வயது. உங்கள் மனக்குறை எனக்கு நன்றாகப் புரிகிறது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, முறைக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மருத்துவர் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் நம்மோடு இருக்கிறார். எஞ்சிய 8,759 மணி நேரமும் நோயைக் கவனித்துக்கொள்வது நாம்தான். அந்த மணி நேரங்களைப் பற்றி அவற்றிலேயே வாழ்கிறவர்களிடம் கேட்பதில் தவறே இல்லை.

இந்த நோயில் நோயாளியின் அனுபவ அறிவு மருத்துவத்தையே முன்னே தள்ளியதும் உண்டு. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொறியாளருக்குச் சிறுவயதிலேயே முதல் வகை நீரிழிவு வந்துவிட்டது. 1969-இல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவியை மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். அவருடைய மனைவி மருத்துவர் என்பதால், அவர் பெயரில் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே ஒரு நாளைக்குப் பல முறை அளந்து, எது எவ்வளவு ஏற்றுகிறது என்று தாமே கணக்கிட்டார். மருத்துவ இதழ்கள் அவருடைய கட்டுரைகளை ஏற்காததால், நாற்பது வயதைக் கடந்த பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். இன்று நாம் வீட்டில் விரல் நுனியைக் குத்திப் பார்ப்பதற்குப் பின்னால் அப்படிப்பட்ட ஒரு நோயாளியின் பிடிவாதமும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னிரவில் சர்க்கரை இறங்கிய மறுநாள், மருத்துவர் "எவ்வளவு இருந்தது?" என்று கேட்பார், அது தேவையான கேள்விதான். "அதற்குப் பிறகு தூங்கினீர்களா?" என்று என்னிடம் கேட்டவர்கள் சக நோயாளிகள் மட்டுமே. அப்படி ஓர் இரவுக்குப் பிறகு, படுக்கும் முன் வேண்டுமென்றே சர்க்கரையை உயர்த்தி வைத்துக்கொண்டு நான் ஓராண்டைக் கழித்திருக்கிறேன். அந்த அச்சத்தை மருத்துவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதே அச்சம் இன்னொருவருக்கும் உண்டு என்று கேட்ட பிறகுதான் சொல்லும் துணிவு வந்தது.

மறுமொழி 2 – ஆற்றோரம்

ஊசி போடும் இடத்தைப் பார்க்காமல் இரண்டு முறை அளவை ஏற்றிய மருத்துவரை நான் மாற்றிவிடுவேன். அது கேட்டே ஆக வேண்டிய அடிப்படைக் கேள்வி.

மறுமொழி 3 – செவிலி மலர்

நீரிழிவு நோயாளிகளுக்குப் பயிற்சி அளிக்கும் செவிலியராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஆற்றோரம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். காரணமில்லாமல் சர்க்கரை ஏறி இறங்கினால், அளவை மாற்றும் முன் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பார்ப்பது எங்கள் பக்கத்துக் கடமை, அது தவறியிருக்கிறது. ஆனால் அந்த மருத்துவரிடம் இன்னும் யாரும் இதைச் சொல்லவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நடந்தது இதுதான். இன்சுலின் கொழுப்புத் திசுவை வளர்க்கும் இயல்புடையது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் குத்தும்போதும், ஒரே ஊசியைப் பல முறை பயன்படுத்தும்போதும் அங்கே தடிப்பு உண்டாகிறது. அதற்குள் செலுத்தும் இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் மறுநாள் வேகமாகவும் ரத்தத்தில் கலக்கும்; மொத்தத்தில் குறைவாகவே வேலை செய்யும். உங்கள் 24 யூனிட் அந்தத் தடிப்புக்கு ஏற்ப உயர்த்தப்பட்ட அளவு. நல்ல திசுவில் அது முழுமையாக வேலை செய்ததால்தான் 52 வந்தது. இடத்தை மாற்றும்போது அளவைக் குறைத்து, சில நாட்களுக்கு அடிக்கடி பரிசோதிப்பதே முறை. எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, உடன் என்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள் என்பதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டிய எண் அது. குறிப்பாக, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தால், அதுவும் தன் பங்குக்குச் சர்க்கரையை இறக்கும்.

ஆகவே என் கருத்து இது: எங்கே பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சக நோயாளிகளிடம் தாராளமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்தின் பெயரோ யூனிட்டோ மாறப் போகிறதென்றால், அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் மட்டும் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்: 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்; ஏறவில்லையென்றால் இன்னொரு முறை எடுங்கள்.

முதல் வகை நீரிழிவில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்று 1993-இல் நிறுவிய அமெரிக்க ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர்கள் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது தாங்களே அளந்தார்கள். மாதந்தோறும் மருத்துவக் குழுவை நேரில் சந்தித்தார்கள். இடையில் தொலைபேசியிலும் பேசினார்கள். அத்தனை நெருக்கம் எங்கள் நோயாளிகளுக்கு வாய்ப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். அந்த இடைவெளியைச் சக நோயாளிகள் நிரப்புவதை நான் குறையாகப் பார்க்க மாட்டேன்.

மறுமொழி 4 – இளையவன்

என் அண்ணனுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்து மூன்று வயதில் அவருக்கு நீரிழிவு தெரிய வந்தது. வயதைப் பார்த்து இரண்டாம் வகை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரைகள் பயன்படாமல் போகவே, இரண்டு ஆண்டுகளுக்குள் இன்சுலினுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பழக்கமான ஒருவர் எடையைப் பெருமளவு குறைத்து, மருந்தே இல்லாமல் சர்க்கரையை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். அண்ணனும் அப்படியே மருந்தை விட்டுவிடலாம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 2017-இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் அந்த நிலையை எட்டினார்கள். ஆனால் அவர்கள் அனைவரும் நோய் தெரிய வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த இரண்டாம் வகையினர். இன்சுலின் போடுபவர்கள் அதில் சேர்க்கப்படவேயில்லை. இது அறிவுரை சொன்னவருக்கும் தெரியாது, கேட்ட அண்ணனுக்கும் தெரியாது.

அண்ணன் இன்சுலினை நிறுத்தினார். ஐந்தாம் நாள் வாந்தி தொடங்கியது. மாலைக்குள் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கியது. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது, அழுகிய பழம் போன்ற வாடை அவர் மூச்சில் அடித்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும் கீட்டோஅசிடோசிஸ் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுத்த பரிசோதனைகளுக்குப் பிறகுதான், அவருக்கு இருந்தது பெரியவர்களுக்கு மெதுவாக வரும் தன்னெதிர்ப்பு நீரிழிவு என்றும், இன்சுலின் இல்லாமல் அவரால் வாழ முடியாது என்றும் தெரிந்தது.

உயிர் பிழைத்துக்கொண்டார். அறிவுரை சொன்னவர் மருத்துவமனைக்கு வந்து அழுதார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அதே வேளையில், முதலில் வகையைத் தவறாகக் கணித்தவர்கள் மருத்துவர்கள்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. அண்ணன் இப்போதும் சக நோயாளிகளோடு பேசுகிறார். யாராவது எதையாவது நிறுத்தச் சொன்னால், "உங்களுக்கு எந்த வகை, எத்தனை ஆண்டுகள், வேறென்ன மருந்துகள்?" என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுகிறார்.

நீலவானம் (வினா எழுப்பியவர்)

எல்லோருக்கும் நன்றி. மலர் அவர்கள் சொன்னபடி மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் பேசினேன். அன்று மாலையே வரச் சொன்னார்கள். என்னைப் படுக்க வைத்து மருத்துவர் தாமே தடவிப் பார்த்தார். கையை எடுத்த பிறகு சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்" என்றார். அளவை 16 யூனிட்டாகக் குறைத்து, ஒரு வாரத்துக்குப் பின்னிரவில் ஒரு முறை எழுந்து அளக்கச் சொன்னார். வயிற்றின் மேல் பேனாவால் நான்கு கட்டங்கள் வரைந்து, வாரத்துக்கு ஒரு கட்டம் என்று மாற்றி மாற்றிப் போடவும், தடிப்புள்ள கட்டத்தை முற்றிலும் விட்டுவிடவும் காட்டிக்கொடுத்தார். ஆற்றோரம், எனக்கு மருத்துவரை மாற்றத் தோன்றவில்லை. அவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் மாற்றியிருப்பேன்.

தடவிப் பார்க்கச் சொன்ன அந்தப் பெரியவருக்கும், இரவில் 52 வரை இறங்கியதைத் தெரிவித்தேன். அவர் மிகவும் வருந்தினார். இனி யாரிடமாவது தடிப்பைப் பற்றிச் சொன்னால், அளவைப் பற்றி மருத்துவரைக் கேட்காமல் இடத்தை மாற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வதாக எழுதியிருக்கிறார். கடந்த ஐந்து நாட்களாக வெறும் வயிற்றில் 118-க்கும் 136-க்கும் இடையில் இருக்கிறது. நெடுவழி, சக நோயாளிகள் கேட்பதாக நீங்கள் சொன்ன கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன்: நேற்றுதான் தூங்கினேன்.