18 சதவீதம் என்று எழுதினால் அது பொய்யா?

செந்தூல்காரன்
நேற்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு என் அம்மா ஐஸ்பெட்டியில் இருந்த சாசேஜ் பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். ‘சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும்.’ 2015 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு சொன்னது இது. எண் சரிதான். எதிலிருந்து 18 என்பதுதான் கேள்வி. வாழ்நாளில் நூறில் 5 பேருக்கு வருகிற நோய் என்று வைத்துக்கொண்டால், அந்த 5 ஏறக்குறைய 6 ஆகும். 5, 6 இரண்டையும் விழுங்கிவிட்டுப் பத்திரிகைகள் 18ஐ மட்டும் எழுதுவதைத்தான் நான் சாய்வு என்கிறேன்.

பட்டர்வொர்த் மிஸ்ஸி
தம்பி, நான் கிளினிக்கில் விரல் குத்தி இரத்தம் பார்க்கிறவள். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3% பேருக்கு இனிப்புநீர் (நீரிழிவு). அந்த 18.3இல் 8.9 பங்குப் பேருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது, கிட்டத்தட்டப் பாதி! ‘நூறில் ஒருவர்தான் கூடுதல்’ என்று எழுதிப் பாருங்கள், ஒருவரும் வரமாட்டார். பயந்தால்தான் வருகிறார்கள்.

செந்தூல்காரன்
பயம் எல்லா இடத்திலும் காப்பாற்றாது மிஸ்ஸி. 1995இல் பிரிட்டனில் புதுவகைக் கருத்தடை மாத்திரையால் இரத்தக்கட்டி ஆபத்து ‘இரட்டிப்பு’ என்று எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆனது, அவ்வளவுதான். பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் அதிகம். இதில் கர்ப்பமே அந்த மாத்திரையைவிட அதிகமாக இரத்தக்கட்டி வரவைக்கும்!

பட்டர்வொர்த் மிஸ்ஸி
அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கையை விட்டது அரசாங்கக் குழு. பத்திரிகைக்காரனை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?

கணக்கு வாத்தியார்
மிஸ்ஸி சொல்வது சரி. நிருபர் கைக்கு வருவதற்குள் பாதி வடிகட்டியாகிவிடும். மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் பதிவான 74 ஆய்வுகளை 2008இல் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்று காட்டியவை 38. அதில் 37 வெளிவந்துவிட்டன. மீதி 36இல் 22 அச்சே ஏறவில்லை. 11 நல்ல முடிவு மாதிரியே எழுதி வெளிவந்தன. இதழ்களை மட்டும் படித்த மருத்துவர் என்ன நினைத்திருப்பார்? யாரும் பொய் எண் போடவில்லை, கவனியுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. பள்ளியை விட்டு ஒரு தனியார் அலுவலகத்தில் இருந்தபோது, வாடிக்கையாளர் திருப்தி கிராஃபை 80இலிருந்து தொடங்கச் சொன்னார்கள். குட்டைக் கம்பம் எல்லாம் கோபுரமாகத் தெரிந்தது. வரைந்து கொடுத்துவிட்டு, சம்பளமும் வாங்கிக்கொண்டேன்.

செந்தூல்காரன்
ஐயா, நீங்களுமா!

பட்டர்வொர்த் மிஸ்ஸி
சரி, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023 ஆய்வில் இனிப்புநீர் 15.6%. ‘குறைந்துவிட்டது’ என்றும் எழுதலாம், ‘ஆறில் ஒருவருக்கு’ என்றும் எழுதலாம். என் கிளினிக் சுவரில் ஒட்டுவதற்கு இரண்டாவதைத்தான் எடுப்பேன். சாய்வு என்றால் சாய்வுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

செந்தூல்காரன்
கீழே சின்ன எழுத்திலாவது பழைய 18.3ஐப் போடுங்கள்.

பட்டர்வொர்த் மிஸ்ஸி
இடம் இருந்தால் போடுகிறேன். அப்புறம், உங்கள் அம்மா சாசேஜைத் தூக்கிப் போட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.