பீப் கொடிக்குத் தமிழ்? வெள்ளிக்குள் வேண்டும்

திண்டுக்கல்லிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். நடுவர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காகக் கால்பந்து விதிகளைத் தமிழில் கையேடாகக் கொண்டுவருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆஃப்சைடை அப்படியே விட்டுவிட்டேன், அதற்கு யாரும் சண்டைக்கு வராதீர்கள். சிக்கல் வேறு. துணை நடுவர் கையில் இருக்கும் கொடியின் பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் நடுவரின் புயத்தில் கட்டிய பட்டை அதிர்ந்து 'பீப்' அடிக்கும். மைதானத்தில் எல்லாரும் பீப் கொடி என்றுதான் சொல்கிறார்கள். அச்சில் என்ன போடுவது?

திருச்சியிலிருந்து:
அதிர்கொடி. வினைத்தொகை. அதிர்ந்த, அதிர்கின்ற, அதிரும் என மூன்று காலமும் அடங்கும். இதற்கு ஒரு மடலே அதிகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, குறை நினைக்க வேண்டாம். அதிர்வது கொடி இல்லையே, மற்றவரின் கையில் கட்டிய பட்டை அல்லவா? கொடி சும்மா துணிதான். (நாங்கள் இங்கே உதைபந்தாட்டம், மத்தியஸ்தர் என்று எழுதிப் பழகிய ஆட்கள். அதை இப்போது கிளப்பவில்லை.)

சிங்கப்பூரிலிருந்து:
கிளப்பாமல் விட்டால் எப்படி? முதல் மடலிலேயே 'கால்பந்து' இருக்கிறது. காலால் உதைக்கும் பந்து, வேற்றுமைத் தொகை, லகரம் றகரமாகும். காற்பந்து. இங்கே செய்தித்தாளிலும் அப்படித்தான்.

திருச்சியிலிருந்து:
காற்பந்து சரியே. யாழ்ப்பாணத்தாரின் திருத்தமும் சரியே. அதிர்கொடியைத் திரும்பப் பெறுகிறேன். இரவெல்லாம் யோசித்ததில் இன்னும் நல்லது கிடைத்தது: விளிகொடி. துணை நடுவர் அந்தப் பொத்தானை அமுக்கும்போது என்ன செய்கிறார்? தவறு நடந்தது என்று சொல்லவில்லை, யார் செய்தது என்றும் சொல்லவில்லை. 'நடுவரே!' என்று விளிக்கிறார், அவ்வளவுதான். தூய எட்டாம் வேற்றுமை. உலகத்திலேயே எட்டாம் வேற்றுமைக்கென்று செய்யப்பட்ட ஒரே கருவி இதுவாகத்தான் இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து:
அழகு. ஆனால் ஐயா, விளிந்தார் என்றால் செத்தார். சுடுகாட்டுக் கொடி மாதிரி ஆகிவிடும். பீப் என்பது மணியோசைதானே, மணிக்கொடி என்று வைத்தால்? 1930களில் அதே பெயரில் வந்த சிறுகதைப் பத்திரிகைக்காரர்கள் கோபிக்க மாட்டார்கள் என்றால்.

கோவையிலிருந்து:
பன்னிரண்டு வருசம் கோட்டோரம் ஓடியவன் என்கிற உரிமையில் பேசறேனுங்க. முதலில் அந்தக் கொடியை எப்படிப் பிடிக்கறோம்னு தெரிஞ்சுக்குங்க. எப்பவும் விரிஞ்சே இருக்கணும், நடுவர் பக்கத்துக் கையில் இருக்கணும். கை மாத்தணும்னா இடுப்புக்குக் கீழே மாத்தணும், தலைக்கு மேலே மாத்தினால் பார்க்கறவன் குழம்பிப்போவான். காட்டறதுக்கு முன்னால் ஓட்டத்தை நிறுத்தி, களத்தைப் பார்த்து நின்னு, நடுவரோட கண்ணைப் பிடிக்கணும். அவர் கண் கிடைக்கலைன்னாதான் பொத்தான். வழிகாட்டுதலிலேயே இது கூடுதல் குறிப்பு, தேவைப்பட்டால் மட்டும்னுதான் இருக்கு. அதனால் விளிக்கிறார்னு ஐயா சொன்ன பொருள் நூத்துக்கு நூறு. சொல்தான் வாயில் வரமாட்டேங்குது.

இன்னொண்ணு. பீப்பினால் கூப்பிட மட்டும்தான் முடியும். 2006 உலகக் கோப்பை இறுதி, பெர்லினில் பிரான்ஸ் ஆட்டக்காரர் ஜிதான் எதிரணிக்காரரைத் தலையால் முட்டினதை நடுவர் எலிசோந்தோ பார்க்கவே இல்லை, பந்து வேற பக்கம் இருந்தது. நான்காவது நடுவர் காதுக்கருவியில் சொன்னார், சிவப்பு அட்டை வந்தது. அங்கே பீப் அடிச்சிருந்தால் என்ன புரிஞ்சிருக்கும்? ஆனால் பேச்சுக்கும் ஆபத்து உண்டு. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் மைதானம். லிவர்பூலின் டியாஸ் போட்ட கோலுக்குக் களத்தில் ஆஃப்சைடு கொடுத்தாச்சு. காணொளி பார்த்துச் சரிபார்க்கற அறையில் இருந்த நடுவர் கோல்தான் கொடுத்திருக்காங்கன்னு நினைச்சு, 'சரிபார்த்தாச்சு'ங்கற பொருளில் ரெண்டே சொல் சொன்னார். எது சரி? களத்தில் ஆஃப்சைடு சரின்னு எடுத்துக்கிட்டாங்க. ஆட்டம் தொடங்கிடுச்சு, நல்ல கோல் போச்சு, லிவர்பூல் 2-1ல் தோத்தது. ஒரே சொல்லை ரெண்டு பேர் ரெண்டு விதமா வெச்சிருந்தால் இதுதாங்க நடக்கும். அதனால் பிள்ளைகள் நாக்கில் ஏற்கெனவே இருக்கற சொல்லைப் பிடுங்காதீங்க. என் ஓட்டு பீப் கொடிக்கே.

திருச்சியிலிருந்து:
கோவையார் சொன்ன கண்ணைப் பிடிப்பது அருமை. வள்ளுவரிடம் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரம் உண்டு, ஒன்று அரசவைக்கு, ஒன்று காதலுக்கு. நடுவருக்கும் துணை நடுவருக்கும் எது பொருந்தும் என்பதை அவரவர் அனுபவத்துக்கு விடுகிறேன். கையேட்டில் 'சமிக்ஞை' என்று போட்டிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், குறிப்பு போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சைகை என்று போட்டால் என்ன?

திருச்சியிலிருந்து:
அது செய்கையிலிருந்து வந்ததா, சமிக்ஞையின் திரிபா என்பதற்கே தனி இழை வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து:
வேண்டாம் ஐயா.

திண்டுக்கல்லிலிருந்து:
மணி பதினொன்று. அச்சகத்து அண்ணன் மூன்று முறை அழைத்துவிட்டார். அவர் அழைத்ததிலேயே வழி கிடைத்தது: அழைகொடி. விளியின் பொருளும் இருக்கிறது, சாவும் இல்லை. சிங்கப்பூர் அம்மாவும் யாழ்ப்பாணத்து அண்ணனும் தனிமடலில் சரி என்றார்கள். முதல் இடத்தில் மட்டும் 'அழைகொடி, அதாவது பீப் கொடி' என்று போட்டுவிடுகிறேன். காற்பந்தை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

கோவையிலிருந்து:
போடுங்க. வகுப்பில் நான் பீப்புன்னுதான் சொல்லுவேன்.

திருச்சியிலிருந்து:
இன்று கையேடு கைக்கு வந்தது, நன்றி. ஆனால் உள்ளே எல்லா இடத்திலும் 'அழைக்கொடி' என்று இருக்கிறதே! வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்பீர்களா? அந்த க்-ஐச் செருகியது யார்?