350 டிபிஐ (350 கன அங்குல என்ஜின், த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன்) வேன்: ஹெட் மாத்தாம டிரெய்லர் இழுக்காதா?

பழைய_இரும்பு:
நேத்து ஒரு மகானுபாவர் இங்க அருளியது: "92 ஷெவி ஜி20 வேனா? ரீபில்ட் பண்ணும்போதே ஸ்விர்ல் போர்ட் ஹெட்டைத் தூக்கிக் கடாசிட்டு வோர்டெக் ஹெட் போடு, டிரெய்லர் பஞ்சு மாதிரி வரும்." படிச்சதுலேருந்து எரியுது. ஹெட்னா சிலிண்டருக்கு மேல வர்ற மூடி; ஸ்விர்ல் போர்ட் பழசு, உள்ள போற காத்தைச் சுழல விடும்; வோர்டெக் 96ல வந்தது, காத்து அதிகமா போகும். ஜிஎம் அந்த ஹெட்டை வச்சதே லோ ஆர்பிஎம் டார்க்குக்குத்தான், அதாவது என்ஜின் மெதுவா சுத்தும்போதே இழுவிசை கிடைக்கணும்னுதான். 3000க்குள்ளயே 300 பவுண்டு-அடி கிட்ட வந்துடும். டிரெய்லர் இழுக்கிறவன் 5000லயா ஓட்டுறான்?

சின்னபிளாக்_செல்வம்:
அந்த மகானுபாவர் நான்தான். 96 பிக்கப்ல இதே 350, வோர்டெக் ஹெட்டோட 255 குதிரைத்திறன், 330 பவுண்டு-அடி. அதுவும் 2800லயே. "லோ ஆர்பிஎம் போயிடும்"னு பயமுறுத்துறீங்களே, எங்க போச்சு?

பழைய_இரும்பு:
அது ஹெட் மட்டும் பண்ண வேலையா? இன்ஜெக்ஷன் வேற, ரோலர் கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) வேற. ஹெட்டை மட்டும் கழட்டி இங்க மாட்டினா 330 வந்துடுமா? ஸ்விர்ல் போர்ட் லோ எண்டுக்குத்தான். திரும்பவும் சொல்றேன், லோ எண்டுக்குத்தான்.

ஒன்டாரியோ_அண்ணை:
தம்பிமார், ஹெட்டை விட்டிட்டு பின் ஆக்ஸிலைப் பாருங்கோ. 3.08 விகித கியரைக் கழட்டி 3.73 போட்டால் சில்லிலை 21 வீதம் கூட இழுவை. என்ஜினைத் தொடவே தேவையில்லை. நாலாம் கியர் ஓவர்டிரைவிலை போட்டு இழுத்து 700ஆர்4 கியர்பெட்டியின்ரை கிளட்சை எரிச்சுப்போட்டு என்ஜினைத் திட்டுற ஆக்கள் இஞ்சை கன பேர்.

சின்னபிளாக்_செல்வம்:
அண்ணே, கேள்வி ரீபில்ட் பத்தி. என்ஜின் எப்படியும் வெளிய வருது. அந்த நேரத்துல ஹெட் மாத்தாம, அப்புறம் முன்சீட்டுக்கு நடுவுல இருக்கிற என்ஜின் மூடியைத் தூக்கி, முட்டி போட்டு, கடைசி ரெண்டு ஸ்பார்க் பிளக்குக்குக் கை விட்டுக்கிட்டு மாத்தறதா? வேன்ல வேலை பாத்தவனுக்குத்தான் அது தெரியும்.

பழைய_இரும்பு:
அதாவது நான் வேன்ல வேலை பாத்ததில்லன்றீங்க. போன மாசம் டிரான்ஸ்மிஷன் கூலர் இழையிலயும் இதே நக்கல்தான். சரி, வோர்டெக் ஹெட்டுக்கு இன்டேக் மேனிஃபோல்ட் (காத்து உள்ள போற குழாய்) போல்ட் எட்டு, பழசுக்குப் பன்னிரண்டு. பழைய மேனிஃபோல்ட் உக்காராது. கூடுதல் காத்துக்குத் தகுந்த பெட்ரோல் வேணும்; டிபிஐ பிரஷரோ 9லேருந்து 13 பிஎஸ்ஐதான். என்ஜின் கம்ப்யூட்டர் சிப்பையும் திரும்ப எழுதணும். இதெல்லாம் "போடு"ன்ற ஒரு வார்த்தைக்குள்ள அடங்கிடுச்சாக்கும்?

சின்னபிளாக்_செல்வம்:
வோர்டெக்குக்குன்னே டிபிஐ மேனிஃபோல்ட் விக்குது. பிரஷர் ரெகுலேட்டர் மாத்தலாம். சிப் எழுத ஆள் இருக்கு. வேலைக்குப் பயந்தா விட்டுடுங்க, ஸ்விர்ல் போர்ட்டுக்குக் கோயில் கட்டாதீங்க.

460_ஆறுமுகம்:
இதுக்குத்தான் பழைய ஃபோர்டு ஈ-350 வேன் வாங்குங்கன்றேன். 7.5 லிட்டர். ஹெட் பத்திப் பேச்சே வராது.

ஒன்டாரியோ_அண்ணை:
வராது. பெட்ரோல் காசைப் பற்றின கதைதான் வரும்.

460_ஆறுமுகம்:
காசு கணக்குப் பாக்கிறவர் டிரெய்லர் ஏன் இழுக்கிறீங்க? கூடாரம் வாங்கிக்குங்க.

ஜி20_புதுசு:
அண்ணன்மாரே, வேன் என்னோடதுதான். டிரெய்லர் 4000 பவுண்டு. எவ்வளவு எடைன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல. ஆக்ஸில் 3.42. மலைப்பாதையில மூணாவது கியர்ல திணறுது. கேம் மட்டும் மாத்தினா போதுமா?

பழைய_இரும்பு:
தம்பி, அந்த வோர்டெக் ஹெட்ல வால்வு சீட்டுகளுக்கு நடுவுல விரிசல் விடும். பழசு வாங்கினா பிரஷர் டெஸ்ட் பண்ணாம தொடாதீங்க. இதை மட்டும் அவர் சொல்லவே மாட்டார்.

சின்னபிளாக்_செல்வம்:
விரிசல் எந்த இரும்பு ஹெட்லதான் விடாது? சூடேற விட்டா உங்க ஸ்விர்ல் போர்ட்டும் விடும். 4000க்கு மேல மூச்சு வாங்குறதை மறைக்க இப்ப விரிசலுக்குத் தாவிட்டீங்க.

பழைய_இரும்பு:
4000க்கு மேல எவன்யா இழுக்கிறான்!

சின்னபிளாக்_செல்வம்:
மலையில ரெண்டாவது கியர் போட்டா ஊசி எங்க நிக்கும்னு பாத்திருக்கீங்களா?

பழைய_இரும்பு:
பாத்திருக்கேன். 3000ல நிக்கும், ஓட்டத் தெரிஞ்சவன் கையில.

ஜி20_புதுசு:
கேம் பத்தி யாராவது...

பழைய_இரும்பு:
கேம் அப்புறம் தம்பி. முதல்ல இவர் அந்த 255 எந்த இன்ஜெக்ஷன்ல வந்ததுன்னு சொல்லட்டும்.