பல ஊர்களில் வளர்ந்தவர்களே, உங்கள் ஊர் எது?

கேள்வி:
அப்பாவுக்கு ரயில்வே வேலை. மானாமதுரை, பொன்மலை, போத்தனூர் என்று குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தேன். இப்போது சென்னை. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் வாயில் முதலில் வருவது மானாமதுரைதான். 2007-இல் அகலப்பாதை வரும்வரை ராமேஸ்வரம் மீட்டர்கேஜ் வண்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் போகும். அடுக்களையில் தட்டெல்லாம் கிடுகிடுக்கும். கோடையில் வைகை மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவோம். அந்தத் தண்ணீரில் மணல் வாசம் இருக்கும். உங்கள் மனதில் அப்படி ஒட்டிக்கொண்ட ஊர் எது?

பதில் 1:
எனக்கும் மானாமதுரைதான் தம்பி! பள்ளி விட்டதும், கச்சேரியில் வாசிக்கும் மண்பானையான கடம் செய்கிற இடத்தில் போய் நின்றுவிடுவேன். மரப்பலகையால் தட்டித் தட்டி வயிற்றை உருட்டுவார்கள். எத்தனையோ ஊர் மாறிவிட்டேன், இன்றும் பானையைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

பதில் 2:
எனக்குக் கோவை. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்துவிட்டு வேறு ஊருக்குப் போனால் காபியே இறங்காது.

கேள்வி கேட்டவர்:
உண்மை அக்கா, சிறுவாணித் தண்ணீரைப் பற்றி அம்மாவும் அதையேதான் சொல்வார். போன மாதம் மானாமதுரை போனேன். பழைய வீடு பூட்டிக் கிடந்தது, வாசல் வேப்பமரம் மட்டும் அப்படியே இருக்கிறது. படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.