ஷெல் ஹிஸ்டரி உங்களைக் காப்பாற்றியதா, கவிழ்த்ததா?

இரவுக்காவல்:
சர்வர் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கீபோர்டில் முதலில் தேய்ந்தது அப் ஆரோதான்: ஷெல்லில், அதாவது கட்டளை அடித்து வேலை வாங்கும் திரையில், முன்பு அடித்த வரிகளை ஹிஸ்டரி என்ற பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் பட்டன். நேற்று அதை அழுத்தச் சோம்பல்பட்டதில் வந்தது வினை.

போன வாரம் ஃபைல்களை நகலெடுக்க அடித்த ஆர்சிங்க் கட்டளை வேண்டியிருந்தது. நீளமானது, 'இதை விட்டுவிடு' என்று சொல்லும் எக்ஸ்க்ளூட் மட்டுமே நாலு. இருபது முறை அம்புக்குறியைத் தட்டுவானேன் என்று ஆச்சரியக்குறி போட்டு, 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தை அடித்து என்டர் தட்டினேன். அந்த எழுத்தில் தொடங்கும் கடைசிக் கட்டளையை எடுத்து ஓட்டு என்று அர்த்தம். கடைசியாக அந்த எழுத்தில் தொடங்கியது ஆர்சிங்க் இல்லை, ஆர்எம். மைனஸ் ஆர்எஃப், பக்கத்தில் ஒரு நட்சத்திரம்: இருக்கிற ஃபோல்டரில் உள்ளதைக் கேள்வி கேட்காமல் அழிக்கும் வரி. முந்தின நாள் டெம்ப் ஃபோல்டரில் இருந்தபடி அடித்தது. நேற்று நான் இருந்ததோ லாக் ஃபோல்டரில். கட்டளையை நினைவில் வைக்கும் ஷெல், அதை எங்கே இருந்து அடித்தோம் என்பதை வைப்பதில்லையே! வரி திரையில் தெரிந்து நான் படித்து முடிப்பதற்குள், வேலை முடிந்தது என்று அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் திரும்பி வந்துவிட்டது.

பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பழையடெர்மினல்:
தம்பி, அந்த ஆச்சரியக்குறி அம்புக்குறிக்கு முந்தைய காலத்துச் சரக்கு. 1970களின் இறுதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் வந்தது. அவர் வேலை செய்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிக்குத் தனி பட்டனே கிடையாது. எச், ஜே, கே, எல் பட்டன்களின் மேல்தான் அம்பு போட்டிருக்கும். பின்னால் வந்த பாஷ் என்ற ஷெல்லும் அந்த வசதியை அப்படியே எடுத்துக்கொண்டது.

எழுத்து போட்டுக் கூப்பிடும்போது நான் கடைசியில் ஒரு கோலனும் பி எழுத்தும் (:p) சேர்ப்பேன். ஓட்டாமல் காட்ட மட்டும் செய்யும், ஹிஸ்டரியிலும் ஏறிவிடும். சரியான வரிதான் என்றால் ஒரு அப் ஆரோ, ஒரு என்டர். அதையும் மறந்துவிடுவீர்கள் என்றால் பாஷின் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் ஷாப்ட் மைனஸ் எஸ் ஹிஸ்ட்வெரிஃபை என்று போட்டுவிடுங்கள். அப்புறம் எதைக் கூப்பிட்டாலும் முதலில் ப்ராம்ப்டில் வந்து நிற்கும்.

அட்மின் உரிமையோடு ஓட்டும் சூடோவைப் போட மறந்து 'அனுமதி இல்லை' என்று வந்தால் மட்டும் சூடோவுக்குப் பின்னால் !! அடிப்பேன், முந்தின கட்டளை அப்படியே வரும். அதில் பயமில்லை, கட்டளை மேலே கண்முன்னாலேயே இருக்கிறது.

தயிர்சாதம்:
என் கதை ஹிஸ்டரியில் தேடும் கன்ட்ரோல்-ஆர். தேடுகிற துண்டை அடித்துவிட்டு மறுபடி மறுபடி அழுத்தினால் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தில் வேண்டிய வரியைத் தாண்டிவிட்டேன். முன்னோக்கி வர கன்ட்ரோல்-எஸ் என்று எங்கோ படித்த ஞாபகம். அழுத்தினேன். திரை உறைந்துவிட்டது. எதை அடித்தாலும் அசையவில்லை. சர்வர் தொங்கிவிட்டது என்று நினைத்து விண்டோவையே மூடினேன். இப்படியே இரண்டு வருடம், எத்தனை விண்டோவோ!

அது டெர்மினலின் பழைய நிறுத்தக் குறியாம். கன்ட்ரோல்-க்யூ அடித்தால் விடுபடும். எஸ்டிடிஒய் மைனஸ் ஐஎக்ஸ்ஆன் போட்டால் தொல்லை ஒழிந்து முன்னோக்கித் தேடலும் வேலை செய்யும். பக்கத்து சீட் அண்ணன் சொன்ன அன்று எனக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

ஒருஸ்பேஸ்:
வீட்டில் உபுண்டு லினக்ஸ். கட்டளைக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டால் ஹிஸ்டரியில் ஏறாது, அதனால் பாஸ்வேர்டு உள்ள வரிகளை அப்படித்தான் அடிப்பேன். அலுவலகத்தின் சென்ட்ஓஎஸ் லினக்ஸிலும் அதே நம்பிக்கையில் மாதக்கணக்கில் அடித்தேன். ஒருநாள் சீனியருக்கு ஏதோ காட்ட ஹிஸ்டரி என்று அடித்தால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வரிசையாக ஆறு இடத்தில்! எதை ஹிஸ்டரியில் ஏற்றக்கூடாது என்று சொல்லும் ஹிஸ்ட்கன்ட்ரோல், உபுண்டுவில் இக்னோர்போத் என்று முன்பே இருக்கிறது: ஸ்பேஸில் தொடங்கும் வரி, அடுத்தடுத்து வரும் ஒரே வரி இரண்டையும் விட்டுவிடும். சென்ட்ஓஎஸ்ஸில் இருந்தது இக்னோர்டூப்ஸ் மட்டும். அது அடுத்தடுத்து அடித்த ஒரே வரியை ஒரு தடவை வைக்கும், ஸ்பேஸைக் கண்டுகொள்ளாது. சீனியர் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஒரு மெயில் மட்டும் வந்தது.

இரவுக்காவல்:
ஐயா, ஹிஸ்ட்வெரிஃபை போட்டாயிற்று. அந்த ஆர்எம் வரியையும் ஹிஸ்டரி மைனஸ் டி போட்டுப் பட்டியலிலிருந்து அழித்துவிடலாம் என்று அதன் வரிசை எண்ணைத் தேடினேன். இரண்டு இடத்தில் இருக்கிறது: முந்தின நாள் நான் அடித்தது ஒன்று, நேற்று அது தானாக வந்தது ஒன்று.